பாதாளக் காதல், ஐந்து பாகம்

மேற்குத் தாம்பரத்துல ஒரு பல் டாக்டர் கிளினிக். கடைவாய்ப் பல்லு விண்விண்ணுன்னு தெறிக்குது. கன்னத்தை ஒரு கையால அமுக்கிக்கிட்டு, இன்னொரு கையில புக்கைப் பிடிச்சுப் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கிராம்பு எண்ணெய் வாசனையும் பினாயில் வாசனையும் சேர்ந்து மூக்குல ஏறிச்சு.

புக்குக்கு ஒரு ஆன்மிக மாத இதழோட அட்டையைக் கழட்டிப் போட்டிருந்தேன். வெளியில முருகன், மயில், வேல். உள்ள, பாதாள லோகத்து இளவரசன் ஒரு பதினேழு வயசுப் பொண்ணோட காது கிட்ட போய் "நீ சாகும்போதுகூட நான்தான் உன்னை அழைச்சிட்டுப் போவேன்"னு கொஞ்சிக்கிட்டிருந்தான். கொஞ்சற லட்சணத்தைப் பாருங்க.

பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு. கழுத்துல ஐடி கார்டு, காட்டாங்குளத்தூர் பக்கம் படிக்கற பொண்ணு. என் புக்குக்குள்ள எட்டிப் பார்த்துட்டு ஒரே கத்தல்.

"ஆன்ட்டி! நீங்க இந்த சீரிஸா படிக்கறீங்க? எத்தனாவது பார்ட்?"

ஹால்ல இருந்த அத்தனை வீங்கின கன்னமும் என் பக்கம் திரும்பிச்சு. மானம் போச்சு.

"மூணு"ன்னேன்.

"ஐயோ, நாலாவது படிங்க ஆன்ட்டி. அதுல அந்தப் பொண்ணோட அம்மா ஒண்ணு பண்ணுவா பாருங்க. புக்குக்குள்ள பூந்து நாலு அறை விடலாம் போல இருக்கும்."

"அப்படி என்ன பண்ணுவா?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு? நீங்களே படிங்க."

அதுக்குள்ள என் பேரைக் கூப்பிட்டுட்டாங்க. பல்லைப் பிடுங்கினப்போகூட எனக்கு அந்த அம்மா நினைப்புதான்.

ஒரு வாசகி கேட்டது

பத்திரிகையில நான் வாராவாரம் எழுதற இந்தத் தொடர்ல இதுவரைக்கும் என் கல்யாணக் கதை, மாமனார் வீட்டு வயல் மனையான கதை, நெல்லு கொட்டின இடத்துல சிமென்ட் மூட்டை அடுக்கின கதை எல்லாம் எழுதிட்டேன். வீட்டு நாய்க்குக்கூட ஒரு வாரம் ஒதுக்கினேன். சேலையூர்லேருந்து ஒரு அம்மா போன வாரம் கடிதம் போட்டிருக்காங்க. "உங்களுக்குக் குழந்தைகள் இல்லையா? இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லையே?"

இருக்கும்மா. ஒரே பொண்ணு. நிவேதா. நாங்க நிவின்னு கூப்பிடுவோம்.

உயிரோட இருக்கா. உயிரோடன்னு நான் அழுத்திச் சொல்றேன்னா அதுக்குக் காரணம் இருக்கு. எங்க குடும்பம் அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வெச்ச குடும்பம்.

கோட்டுக்காரன்

முதல்ல புக்கைப் பத்திச் சொல்லிடறேன். அஞ்சு பாகம். ஒவ்வொண்ணும் செங்கல் கனம். நிவி காலேஜ்ல சேர்ந்த வருஷம் சீனியர் பொண்ணு ஒருத்தி விட்டுட்டுப் போனதுன்னு நாலு பாகம் தூக்கிட்டு வந்தா. அஞ்சாவது அப்போ வெளியே வரல. சாப்பிடும்போது புக்கு, தலை வாரும்போது புக்கு, பாத்ரூம்ல புக்கு. சாம்பார்ல விரலை விட்டுட்டு அதே விரலால பக்கம் திருப்புவா.

"என்னடி அப்படி இருக்கு அதுல?"

"உனக்குப் புரியாதும்மா."

எனக்குக் கோபம் வந்துச்சு. நான் பி.ஏ. ஹிஸ்டரி. தமிழ் மீடியம்தான், ஆனா இங்கிலீஷ்ல பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணவ. அட்டையைப் பார்த்தேன். கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு ஒரு வெளிறின பையன், பின்னாடி புகை. "பேய்க் கதை படிக்கற வயசா இது? போய் அரியரை க்ளியர் பண்ற வழியைப் பாரு"ன்னு திட்டினேன். அதோட சரி. அவளும் அப்புறம் எங்கிட்ட அதைப் பத்திப் பேசல.

அவ போன பிறகுதான் நான் படிச்சேன். போனுல அகராதியைத் திறந்து வெச்சுக்கிட்டு, ஒரு நாளைக்கு நாலு பக்கம், அஞ்சு பக்கம். கதை இதுதான். ஒரு பழைய ரயில்வே ஸ்டேஷனுக்கு அடியில பாதாள லோகம். அந்த லோகத்து ராஜாவோட பையன் மேலே வந்து பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஒருத்தியைப் பார்க்கறான். காதல். அவளும் உயிரோடவே கீழே இறங்கிப் போயிடறா.

எமலோகம்னா நமக்குத் தெரிஞ்சது எண்ணெய்க் கொப்பரை. அங்க என்னடான்னா லைப்ரரி, பியானோ, மெழுகுவர்த்தி. ராஜா பையனுக்கு முன்னூறு வயசு. முன்னூறு வயசுக் கிழவன் பதினேழு வயசுப் பொண்ணைச் சுத்தினா எங்க ஊர்ல செருப்பு பிஞ்சிடும். கோட்டைக் கழட்டவே மாட்டேங்கறான். நாலு பாகத்துக்கும் அதே கோட்டு. நம்ம ஊர் சித்திரை வெயில்ல ஒரு நாள் நின்னான்னா வேர்க்குரு வந்து செத்திருப்பான், காதலாவது கத்தரிக்காயாவது. நான் அவனுக்குக் கோட்டுக்காரன்னு பேர் வெச்சேன்.

ஆனா வெக்கத்தை விட்டுச் சொல்றேன், படிக்காம இருக்க முடியல. வீட்டுக்காரர் கடைக்குப் போனதும் கதவைச் சாத்திட்டு உட்கார்ந்துடுவேன். குக்கர் எத்தனை விசில் விட்டுச்சுன்னு தெரியாம பருப்பு குழைஞ்சு போன நாளெல்லாம் உண்டு. ஒவ்வொரு பக்கத்துலயும் அவ விரல் பட்டிருக்கு. மஞ்சள் கறை வர்ற இடத்துல நின்னு அதைத் தடவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

போனவங்க போனவங்கதான்

நிவி படிச்ச காலேஜ்ல ஏ.சி. ரிப்பேர் பண்ண வந்த பையன் பிரகாஷ். அவங்க குடும்பம் ஆத்தோரத்துக் குடிசையைக் காலி பண்ணிட்டு, பெரும்பாக்கத்துல அரசாங்கம் கட்டின அடுக்குமாடிக்குக் குடிவந்தவங்க. சாதி என்னன்னு நான் சொல்லப் போறதில்ல. எங்க வீட்ல அதைத்தான் முதல்ல கேட்டாங்க, அதோட எல்லாம் முடிஞ்சு போச்சு.

ஒரு காலையில சர்ட்டிபிகேட் ஃபைலையும், அப்பதான் வாங்கியிருந்த அஞ்சாவது பாகத்தையும் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டா. பதிவுக் கல்யாணம். சாயந்திரம் போன்ல சொன்னா. "அம்மா, நான் நல்லா இருக்கேன், பெரும்பாக்கத்துல இருக்கேன்." அவ்வளவு கிட்ட இருக்கா. பஸ் ஏறினா ஒரு தூக்கம் போடறதுக்குள்ள வந்துடும்.

என் வீட்டுக்காரரோட அண்ணன் வந்தார். ஊர்ல அவரைப் பெரியவர்னுதான் சொல்லுவாங்க. என் வீட்டுக்காரர் அவர் எதிர்ல உட்காரக்கூட மாட்டார். பெரியவர் சொன்னார், "பெரும்பாக்கமா? அந்தப் பக்கம் போனவங்க போனவங்கதான். தலை முழுகிட்டு ஆகற வேலையைப் பாருங்க."

முழுகினோம். ஆளுக்கு ஒரு சொம்பு தலையில ஊத்திக்கிட்டோம். நானும் ஊத்திக்கிட்டேன். தண்ணி ஜில்லுனு இருந்துச்சு. அவ துணிமணியெல்லாம் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போனாங்க. நாலு புக்கை மட்டும் நான் பரண்ல இட்லிக் குண்டானுக்குள்ள போட்டு மூடிட்டேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியல.

நல்ல போட்டோ

மறுநாள் பெரியவர் போனும் கையுமா வந்தார்.

"இந்தாம்மா, பேனர் அடிக்கக் குடுத்திருக்கு. பொண்ணு போட்டோ எங்கிட்ட இதுதான் இருக்கு. இதையே போட்டுடலாம்னு இருக்கேன்."

பார்த்தேன். ஆதார் கார்டு போட்டோ. கண்ணு சொருகி, உதடு வீங்கி, மூணு நாள் ஜுரத்துல படுத்து எழுந்த மாதிரி. என் பொண்ணு அப்படி இல்ல. நாலு பேர் நின்னு பார்க்கற பொண்ணு அவ.

அப்ப நான் என்ன சொல்லியிருக்கணும்? "உயிரோட இருக்கற பொண்ணுக்கு என்ன மாமா பேனரு"ன்னு கேட்டிருக்கணும். போனைப் பிடுங்கி வாசல்ல எறிஞ்சிருக்கணும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இது வேண்டாம் மாமா. இதுல அவ நல்லாவே இல்ல."

சொல்லிட்டு உள்ள போய் பீரோவைத் திறந்தேன். புடவைக்கு அடியில ஒரு கவர்ல அவ போட்டோ மூணு இருந்துச்சு. மூணையும் கட்டில்ல பரப்பினேன். ஒண்ணுல நெத்தி பளபளன்னு வெளிச்சம் அடிச்சுது. ஒண்ணுல பக்கத்துல வேற யாரோட தோளோ வந்துச்சு. மூணாவது, அத்தை பொண்ணு கல்யாணத்துல எடுத்தது. மாம்பழக் கலர் பட்டு, தலை நிறைய மல்லி, யாரோ கூப்பிட்டதுக்குத் திரும்பிச் சிரிக்கறா. அதை எடுத்துக் குடுத்தேன்.

கல்யாணப் பத்திரிகைக்கு எடுத்துக் குடுக்கற மாதிரி எடுத்துக் குடுத்தேங்க. தெருவுல தொங்கறதுதான் தொங்கறா, அழகாத் தொங்கட்டும்னு நினைச்சேன். என் புத்தியை எதால அடிக்கறது?

எங்க வீட்டுப் பக்கம் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் எதிர்ல ஒண்ணு கட்டினாங்க. பெரும்பாக்கத்துல அவ இருக்கற கட்டடத்துக்கு எதிர்லயே ஒண்ணு, அவ ஜன்னலைத் திறந்தா தெரியற மாதிரி. மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவுல சிரிச்ச முகம், கீழே 'துயரில் வாடும் தாய், தந்தை, பெரியப்பா மற்றும் குடும்பத்தார்'. தாயைத்தான் முதல்ல போட்டிருந்தாங்க.

அவளுக்குப் பத்தாவதுல கணக்கு எடுத்த டீச்சர் பஸ்ல போகும்போது பெருங்களத்தூர் பேனரைப் பார்த்துட்டு, நேரா மாலை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. சோபாவுல உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாங்க. "எப்படிம்மா? என்னம்மா ஆச்சு குழந்தைக்கு?"

"காய்ச்சல்"ன்னேன்.

அவங்களுக்குக் காபி போட்டுக் குடுத்தேன். சர்க்கரை போதுமான்னுகூடக் கேட்டேன்.

நாலாவது பாகம்

பல்லு பிடுங்கின புண்ணு ஆறறதுக்குள்ள நாலாவது பாகத்துல பாதி வந்துட்டேன். அந்த லோகத்துக்கு ஒரு சட்டம் இருக்கு. உயிரோட கீழே போனவ எப்ப வேணும்னாலும் மேலே வரலாம், கதவு திறந்தே இருக்கும். ஆனா மேலே இருக்கறவங்க அவ செத்துட்டான்னு ஒத்துக்கிட்டுக் காரியம் பண்ணிட்டா கதவு சாத்திக்கும். அந்தப் பொண்ணு கோட்டுக்காரனோட சண்டை போட்டுட்டு அம்மாவைப் பார்க்கப் படியேறி வர்றா. அதே நேரத்துல மேலே அந்த அம்மா, ஊர்க்காரங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு, வெறும் பெட்டியை வெச்சுப் புதைச்சுக்கிட்டிருக்கா. பொண்ணுக்குக் கடைசிப் படி. கதவு மூஞ்சிலேயே சாத்துது.

அந்தப் பக்கத்து ஓரத்துல நிவி பென்சில்ல எழுதியிருந்தா. காலேஜ் முதல் வருஷத்துல எழுதினது, பேனர் எல்லாம் யாரும் கனவுகூடக் கண்டிருக்காத காலம். "சுத்த வேஸ்ட் இந்த அம்மா. எங்கம்மாவா இருந்தா கரண்டியோட நேரா கீழே இறங்கி வந்திருப்பா."

அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு அணைஞ்சு போச்சு. நான் எழுந்திருக்கல. அழுதேன். ஒப்பாரி வெச்சு அழுதேன், பக்கத்து வீட்ல என்ன நினைச்சா எனக்கென்னன்னு.

உடனே கிளம்பிட்டேன்னு நினைக்காதீங்க. நான் அவ்வளவு நல்லவ இல்ல. பெரியவர் இருக்கற வரைக்கும் எனக்குத் தைரியம் வரல. அடுத்த ஆடியில மாரடைப்புல அவர் போய்ச் சேர்ந்தார். பெருங்களத்தூர்ல அதே இடத்துல அவருக்கும் ஒரு பேனர். காரியம் முடிஞ்சதும் வீட்டுக்காரர்கிட்ட, "நான் பெரும்பாக்கம் போறேன்"னேன். அவர் செய்தித்தாளை மடிக்காமயே, "குடை எடுத்துக்கோ"ன்னார். இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு ஒரு அண்ணன் சாக வேண்டியிருந்துச்சு.

ஏழு மாடி

மேடவாக்கம் வழியா பஸ். கட்டடத்தைக் கண்டுபிடிச்சுக் கீழே நின்னேன். தண்ணிக் குடத்தோட ஒரு அம்மா வந்தாங்க.

"இன்னாம்மா, யாரைத் தேடற?"

"நிவேதான்னு... பிரகாஷோட சம்சாரம்."

"என் மருமவதான். ஏழாவது மாடில கீறா. நீ யாரு?"

அம்மான்னு சொல்ல வாய் வரல. "தாம்பரத்துலேருந்து வர்றேன்."

அவங்க என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. புரிஞ்சுக்கிட்டாங்க. குடத்தை இடுப்பு மாத்திக்கிட்டு, "லிஃப்ட்டு கீது, அதுல போ"ன்னாங்க.

"எனக்கு லிஃப்ட்னா பயம். படியேறிப் போறேன்."

"வயசான காலத்துல இன்னாத்துக்கு பேஜாரு? சரி, உன் இஷ்டம். பாத்து ஏறு."

பாதாளத்துக்கு இறங்கணும்னு எழுதியிருந்தாங்க. நான் ஏழு மாடி ஏறினேன். ஒவ்வொரு மாடியிலயும் நின்னு மன்னிப்புக் கேக்கற வார்த்தையை மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தேன். கருவாட்டு வாசனை, யார் வீட்டு டிவியோ, படியில கோலமாவு சிந்தியிருந்துச்சு. கதவைத் தட்டினேன். திறந்தா. இளைச்சிருந்தா. இடுப்புல நைட்டியைத் தூக்கிச் செருகியிருந்தா. நான் ஏறும்போது கட்டின வார்த்தை எல்லாம் எங்கேயோ போயிடுச்சு.

"நிவி, அந்த அஞ்சாவது பார்ட்டு உங்கிட்டதானே இருக்கு?"



"நீ படிச்சியா? நாலும்?"

"நாலும். அந்தக் கோட்டுக்காரன் ஒரு தண்டம்டி."

வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. சிரிப்பு அழுகையாப் போச்சு. உள்ள இழுத்துக்கிட்டா. ரெண்டு பேரும் தரையில உட்கார்ந்து அழுதோம்.

பால்கனியில மழைச் சாரலுக்கு ஏதோ படுதா கட்டியிருந்துச்சு. மாம்பழக் கலர் தெரிஞ்சுச்சு. அப்புறம் மல்லி தெரிஞ்சுச்சு. எதிர்ல கட்டின அதே பேனர். அதையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

"என்ன பார்க்கற? நல்ல திக்கான ஃப்ளெக்ஸ்மா. ரெண்டு மழைக்காலம் தாங்கிடுச்சு. என் மூஞ்சி நனையக் கூடாதுன்னு இவர்தான் முகத்தை உள்பக்கமாத் திருப்பிக் கட்டியிருக்கார்."

டீ போட எழுந்தா. அடுப்பைப் பத்த வெச்சுக்கிட்டே, என்னைப் பார்க்காமக் கேட்டா.

"அம்மா, அந்த போட்டோ உன் பீரோல புடவைக்கடியில இருந்தது. யாரு எடுத்துக் குடுத்தா?"

டீத்தூள் வாசனை வந்துச்சு. எனக்கு ரெண்டு விநாடி இருந்துச்சு.

"பெரியப்பாதான். நான் குளிக்கும்போது வந்து பீரோவைக் குடைஞ்சு எடுத்துட்டுப் போயிட்டார்."

செத்தவர் எழுந்து வந்து இல்லேன்னா சொல்லப் போறார்?

நிவி திரும்பினா. முகமெல்லாம் தெளிஞ்சு போச்சு.

"எனக்குத் தெரியும்மா. எங்கம்மா குடுத்திருக்க மாட்டான்னு இவர்கிட்ட அன்னிக்கே சொன்னேன். இவர் நம்பல. அதுக்கு ஒரு வாரம் இவரோட பேசவே இல்ல நான்."

அந்த டீயைக் குடிச்சேன்.

அவ கேட்டது

அதுலேருந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போறேன். எங்க வீட்டு ஊறுகாய் எடுத்துட்டுப் போறேன். சம்பந்தியம்மா எறா தொக்கு குடுத்தனுப்பறாங்க. மாப்பிள்ளை என்னை "வாங்க அத்தை"ன்னு கூப்பிடறார், ஆனா கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார். அவருக்குத் தெரியும்னு எனக்குத் தோணும். அவர் அதைச் சொல்லாம இருக்கறது என்னை இன்னும் கொல்லுது.

அஞ்சாவது பாகத்தையும் படிச்சுட்டேன். அதுல அந்தப் பொண்ணு அம்மாவை ரெண்டே பக்கத்துல மன்னிச்சுடறா. கட்டிப் பிடிச்சு அழறாங்க, எல்லாம் சரியாப் போயிடுது. அதை எழுதினவங்களுக்கு ரொம்ப அவசரம் போல. எரிச்சல்ல மூடி வெச்சுட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை நிவி சொன்னா, "உன் தொடரை வாராவாரம் படிக்கறேன்மா. மாடி முழுக்கச் சுத்துது அந்தப் பத்திரிகை. நாயைப் பத்தியெல்லாம் எழுதற, என்னைப் பத்தி எப்ப எழுதுவ?"

அவளைப் பத்தி எழுதணும்னா இதை எழுதாம முடியாது. பெரியவர் தலையில கட்டியே எழுதிடலாம், யாருக்குத் தெரியும்? ரெண்டு தடவை அப்படித்தான் எழுதினேன். எழுதி, படிச்சுப் பார்த்து, கிழிச்சேன். அவளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுச் சொல்ல எனக்கு வாய் இல்ல. அதனால மாடி முழுக்கப் படிக்கற இடத்துல சொல்றேன்.

நிவி, பீரோவைக் குடைஞ்சது உன் பெரியப்பா இல்ல. நான். மாப்பிள்ளை சொன்னதுதான் சரி, அவரோட இனிமே இதுக்குச் சண்டை போடாதே.

பத்திரிகை வியாழக்கிழமை வரும். ஞாயித்துக்கிழமை நான் எப்பவும் போல படியேறி வருவேன். திறக்கறதும் திறக்காததும் உன் இஷ்டம்.